1999 போர்ஷே 996 வாங்கலாமா? ரிப்பேருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பூச்சோங்_வாசி:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட கார் ஒன்று இப்போது விலைக்கு வந்திருக்கிறது. போர்ஷே 911 கரேரா, 996 மாடல், 1999-ஆம் ஆண்டு, 3.4 லிட்டர், 6 கியர் மேனுவல். டாமான்சாராவில் ஒரு டாக்டர் வைத்திருக்கிறார். 1 லட்சத்து 35 ஆயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்கிறார். மீட்டரில் 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகத்தில் 2012 வரை முத்திரை இருக்கிறது. அதற்கப்புறம் ரசீதுகள் மட்டும்தான், நடுநடுவே காணோம்.

ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் கையில் பேசுகிறது, இன்னும் அந்த நினைப்புதான். ஆனால் கிளட்ச் கனமாக இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தபோது பின்னால் கொஞ்சம் புகை வந்து, அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய்க் கசிவு தெரிகிறது. "புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸ் ஆன கார், பயப்படாதீங்க" என்கிறார் டாக்டர்.

ஐஎம்எஸ் பேரிங் கெட்டால் எஞ்சினே போய்விடும் என்று படித்ததிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. வேலைக்குப் போக மைவி கார் இருக்கிறது. இது சனி, ஞாயிறு கராக் மலைச்சாலைப் பக்கம் போய் வரத்தான். கார் விலை போக 30 ஆயிரம் வெள்ளி தனியாக வைத்திருக்கிறேன். போதுமா?

சிகாம்புட்_பட்டறை:

தம்பி, போதும். ஆனால் அந்தக் காசை எந்த வரிசையில் செலவு செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் புஸ்பாகோம். அங்கே பிரேக், விளக்கு, புகை, சேசி எண், எஞ்சின் எண் பார்ப்பார்கள். எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்தப் பாஸை நம்பி விலை பேசாதீர்கள்.

ஐஎம்எஸ் என்பது எஞ்சினுக்குள் ஓடும் ஒரு நடுத்தண்டு. கிராங்க் அதைச் செயின் வழியாகச் சுழற்றும், அது வால்வுகளைத் திறக்கும் கேம்களைச் சுழற்றும். தண்டின் ஒரு முனை, ஃப்ளைவீல் பக்கம், கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. நாளாக ஆக பேரிங்கை மூடிய ரப்பர் தளர்ந்து எஞ்சின் எண்ணெய் உள்ளே போகும், கிரீஸைக் கழுவிவிடும். அப்புறம் குண்டுகள் தேயும், தண்டு ஆடும், டைமிங் பிசகும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதோடு எஞ்சின் முடிந்தது.

உங்களுக்கு நல்ல செய்தி, 1999 கார்களில் வந்தது இரட்டை வரிசைப் பேரிங். அது உறுதியானது. அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போய் 2013-இல் சமரசமானது 2001 முதல் 2005 வரை வந்த ஒற்றை வரிசைப் பேரிங்குக்காக. ஆனால் ஒன்று பாருங்கள். எஞ்சின் எண்ணைத் தேடி, அதில் ஏடி (AT) என்ற எழுத்து இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது கம்பெனி மாற்றிக் கொடுத்த எஞ்சின். 1999 காரில் பின்னால் வந்த எஞ்சின் உட்கார்ந்திருந்தால் உள்ளே ஒற்றை வரிசை இருக்கலாம். கெரானில் (காரின் உரிமைப் பத்திரம்) உள்ள எஞ்சின் எண்ணோடும் ஒத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) வேலை முடியும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது எண்ணெய் ஃபில்டர். நான் எந்த 996 வந்தாலும் முதலில் இதைத்தான் கழற்றுவேன். ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றுங்கள். காகித மடிப்பைக் கத்தியால் அறுத்து, விசிறி மாதிரி வெயிலில் விரித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தால் செயின் உரசும் பட்டை தேய்கிறது. வெள்ளிப் பொடி மினுங்கினால் காந்தத்தைக் கிட்டே கொண்டு போங்கள். ஒட்டினால் எஃகு, பேரிங் என்று சந்தேகப்படலாம். ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம், அதுவும் நல்லதில்லை. இரண்டில் எது தெரிந்தாலும் காரை விட்டுவிட்டு வாருங்கள். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கார் தேடுங்கள்.

ஸ்டார்ட்டில் வரும் சின்னப் புகைக்குப் பயப்பட வேண்டாம். சிலிண்டர்கள் படுத்திருக்கும் எஞ்சின், ராத்திரி முழுக்க எண்ணெய் ஒதுங்கி நிற்கும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறக்கப் பாருங்கள். உள்ளிருந்து பலமாக இழுத்துப் பிடித்தால், ஓட்டும்போதும் வெள்ளைப் புகை மேகமாக வந்தால், காற்றையும் எண்ணெயையும் பிரிக்கும் ஏஓஎஸ் கிழிந்திருக்கிறது. கூலியோடு 1,500 வெள்ளி வரும்.

அந்தக் கசிவு அநேகமாகக் கிராங்க் தண்டின் பின்பக்க எண்ணெய் சீல். கிளட்சும் கனமாக இருப்பதால் கியர்பாக்ஸ் எப்படியும் இறங்க வேண்டும். இறங்கும் அன்றே கிளட்ச், சீல், ஐஎம்எஸ் மூன்றையும் முடித்துவிடுங்கள். நான் வாங்கும் விலையில் கிளட்ச் கிட் 4 ஆயிரம், பேரிங்கும் சீலும் 3 ஆயிரம், கூலி இரண்டரை ஆயிரம். ஃப்ளைவீல் ஆடினால் இன்னொரு நான்கரை ஆயிரம். பட்டறையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "பேரிங்கை இழுக்கும் முன்னே கேமை எப்படிப் பூட்டுவீங்க?" பதில் தடுமாறினால் சாவியைக் கொடுக்காதீர்கள். பூட்டாமல் இழுத்தால் செயின் பல் தாவிவிடும்.

ஜாலான்_ஈப்போ_996:

அண்ணனுக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. இரட்டை வரிசை என்று உறுதியானால் நான் அதைத் தொட மாட்டேன். 1 லட்சம் தாண்டி ஓடிய பேரிங் தன்னை நிரூபித்துவிட்டது. பேரிங்கை மூடிய வெளி ரப்பரை மட்டும் கழற்றிவிட்டு, எஞ்சின் எண்ணெயே அதற்கு மசகாகும்படி விடலாம். தண்ணீர்ப் பம்பைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். உள்ளே சுழலும் இறக்கை பிளாஸ்டிக். உடைந்தால் துண்டுகள் தண்ணீர்ப் பாதையில் போய்ச் சிக்கும், ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகும், மீட்டர் முள் அதைக் காட்டாது.

பட்ஜெட் கொஞ்சம் கூடினால் 996 டர்போவையும் பாருங்கள். அதன் எஞ்சின் வேறு வம்சம், இந்தப் பேரிங் தொல்லை கிடையாது.

பினாங்கு_பாக்ஸ்டர்:

தம்பி, என்னிடம் இருப்பது போர்ஷேயின் பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர். எஞ்சின் குடும்பம் உங்களுடையதுதான். எல்லாரும் பேரிங்கையே பேசுகிறார்கள். நம்ம ஊர் வெயிலில் என்னிடம் காசு பிடுங்கியது தண்ணீர்தான்.

ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு பக்கமும் உள்ளே இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஏர்கான் கண்டென்சர். இரண்டுக்கும் நடுவில் காய்ந்த இலை போய் அடைந்துகொள்ளும். எங்கள் தெரு முழுக்க அங்சானா மரம். பம்பரைக் கழற்றியபோது உள்ளே இலை மட்கி ஈர மண்ணாகவே ஆகியிருந்தது. அதன் பின்னால் அலுமினியத்தை விரலால் தொட்டால் உதிர்ந்தது. இரண்டு ரேடியேட்டரும் கண்டென்சரும் சேர்த்து 5 ஆயிரம் வெள்ளிக்கு மேல். இப்போது மழைக்காலம் முடிந்ததும் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன், கூலி 200 வெள்ளிதான்.

எஞ்சின் அறையில் தண்ணீர்த் தொட்டி பிளாஸ்டிக், வயதானால் விரிசல் விடும். ஒரு பட்டறையில் பழைய தொட்டியைப் போட்டுப் புதுசு விலை வாங்கினார்கள். ஆறு மாதத்தில் அதே இடத்தில் விரிசல். பெட்டியைப் பார்த்து, பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள்.

சாலை வரியையும் கணக்கில் எடுங்கள். 3,387 சிசி என்பதால் வருடத்துக்கு 3,871 வெள்ளி 50 காசு. இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் கேளுங்கள். சந்தை மதிப்பு என்று விட்டால் இந்த வயசுக் காருக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கவே பயம்.

பூச்சோங்_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரிடம் பேசினேன், ஃபில்டரைக் கழற்ற உடனே சரி என்றார். எஞ்சின் எண்ணில் ஏடி இல்லை, கெரானோடு ஒத்துப் போகிறது. சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றுகிறோம். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்பது நியாயம்? பேரிங்கை மாற்றுவதா விடுவதா?

சிகாம்புட்_பட்டறை:

சம்மதித்தார் என்றால் நல்ல மனிதர், கழுத்தை நெரிக்காதீர்கள். கிளட்சும் சீலும் கண்ணுக்குத் தெரியும் குறை, அதற்கு 8 ஆயிரம் குறைக்கக் கேட்கலாம். பேரிங் பற்றி ஜாலான் ஈப்போ தம்பி சொன்னதில் தப்பில்லை. கியர்பாக்ஸ் இறங்கியதும் பேரிங்கின் வெளி மூடி நடுவிலிருந்து எண்ணெய் வடிகிறதா, தண்டு கையில் ஆடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் ரப்பரை மட்டும் எடுத்துவிட்டு மூடலாம். ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள்.

முதல் வருடம் கிளட்சுக்கும் தண்ணீர் வேலைக்கும் சேர்த்து 18 ஆயிரம் வரை போகும். மிச்சத்தைத் தொடாதீர்கள், சஸ்பென்ஷன் கை நீட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க முத்திரை இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். டயரின் பூ (தரையைப் பிடிக்கும் பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியிருந்தால் கராக் ஏற வேண்டாம்.

சனிக்கிழமை ஃபில்டரை விரித்ததும் படம் எடுத்துப் போடுங்கள், நான் பார்க்கிறேன்.