குளிர்காலத்தில் தோட்டக் குளத்தைப் பச்சைப் பாசி மூடுகிறது: இப்போது என்ன செய்யலாம்?

ஹேரோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில் சென்ற கோடையில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், முன்பு குடியிருந்தவர்கள் அமைத்த மீன்குளம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவில் 90 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் தண்ணீர் நிற்கிறது. தங்கமீன்கள் ஒரு சிறு கூட்டமும் இரண்டு கோய் மீன்களும் உள்ளன.

கோடையில் அல்லி இலைகள் பாதிக் குளத்தை மூடியிருந்தன, தண்ணீரும் தெளிவாகவே இருந்தது. குளிர் வந்தால் பாசி தானாக அடங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தைப்பொங்கல் கழிந்த இந்த நாட்களில், தண்ணீர் 6 பாகை செல்சியஸில் இருக்கும்போதே, ஓரங்களிலும் பம்பின் குழாயிலும் பச்சை இழைகள் தடித்த கம்பளி போலப் படர்ந்திருக்கின்றன. தண்ணீரிலும் இலேசான பச்சை நிறம் தெரிகிறது. குளத்தின் தெற்கே அயலவரின் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. கோடையில் அதன் நிழல் முழுமையாக விழும். இப்போது அது மொட்டையாக இருக்கிறது. வடிகட்டியை நவம்பரில் நிறுத்திவிட்டேன்.

கடையில் கேட்டபோது செப்பு கலந்த பாசிக்கொல்லித் திரவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். இந்தக் குளிரில் அதை ஊற்றத் தயக்கமாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களோடு இருக்கும் மாமா ஒவ்வொரு காலையும் மீன்களுக்கு ஒரு கை சோறு போடுகிறார். மீன்கள் பட்டினி கிடப்பதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. இதற்கும் பாசிக்கும் தொடர்பு உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நீர்வேலியான் எழுதியது:

வணக்கம் தம்பி. முதலில் அந்தத் திரவத்தைத் திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செப்பு மீன்களின் செவுள்களைத் தாக்கும், நத்தைகளை முற்றாக அழித்துவிடும். லண்டனின் கடின நீரில் அதன் நச்சுத்தன்மை ஓரளவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் குளிர்காலம் முழுவதும் மழைநீர் விழுந்த குளத்தில் அந்தக் கடினத்தன்மை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமானது, கொல்லப்பட்ட பாசி குளத்தை விட்டு எங்கும் போய்விடாது. அது அடியில் படிந்து அழுகும்; அழுகும்போது ஆக்சிசனை எடுத்துக்கொண்டு, தான் உண்ட சத்துக்களையெல்லாம் மீண்டும் தண்ணீரிலேயே விடும். கோடையாக இருந்தால் அந்தக் கழிவை நுண்ணுயிர்கள் விரைவாகச் சிதைத்துவிடும். 6 பாகையில் அவையும் ஏறத்தாழ உறங்கிக் கிடக்கின்றன.

குளிர் வந்தால் பாசி அடங்கும் என்பது பாதி உண்மை மட்டுமே. பாசிக்கு வேண்டியவை வெளிச்சமும் உணவும்தான். வெப்பம் அதன் வேகத்தைக் கூட்டும், அவ்வளவே. இழைப்பாசி வகைகளில் பல குளிரை நன்றாகவே தாங்கும். உங்கள் குளத்தில் இப்போது அல்லி இல்லை, மரத்தின் நிழலும் இல்லை. கோடையில் அல்லியும் மற்றச் செடிகளும் உறிஞ்சிக்கொண்டிருந்த நைத்திரேற்று என்னும் உரச்சத்து முழுவதும் போட்டியின்றிப் பாசிக்கே கிடைக்கிறது. அதோடு இலையுதிர் காலத்தில் அந்த மரத்திலிருந்து எத்தனை கூடை இலை குளத்தில் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவை அடியில் மெல்ல அழுகிக்கொண்டிருக்கின்றன.

சோற்றுக்கு வருவோம். தொடர்பு உண்டு, அதுவும் நேரடியான தொடர்பு. தங்கமீனும் கோயும் குளிர் இரத்தப் பிராணிகள். தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனதும் அவற்றின் குடல் மிக மந்தமாகிவிடும். அந்த நிலையில் அவை பட்டினி கிடப்பதில்லை, கோடையில் சேர்த்த கொழுப்பில் மிகக் குறைவாகச் செலவழித்து வாழ்கின்றன. மேலே வந்து ஒரு பருக்கையை விழுங்கினாலும் அது செரிக்காமல் நோயைத்தான் கொண்டுவரும். மீதிச் சோறு மாவாகக் கரைந்து பாசிக்கு உரமாகிறது. மாமாவிடம் "போடாதீர்கள்" என்று சொல்வதைவிட, ஒரு மிதக்கும் வெப்பமானியை வாங்கி அவர் கையில் கொடுத்து, காலையில் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். 10 பாகைக்கு மேல் பல நாட்கள் தொடர்ந்து நின்றால் கோதுமை முளை கலந்த குளிர்கால மீன் உணவைச் சிறிதளவு போடலாம் என்றும் சொல்லுங்கள். தானே அளந்து பார்த்த எண்ணைப் பெரியவர்கள் மதிப்பார்கள்.

இழைகளை அகற்ற, கரடுமுரடான மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே விட்டு மெல்லத் திருகினால் பாசி நூற்கண்டாகச் சுற்றிக்கொண்டு வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். வெயில் சற்று அடிக்கும் நண்பகலில், ஓரங்களில் மட்டும் எடுங்கள். எடுத்ததை உடனே குப்பையில் போடாமல் ஓர் இரவு குளத்தின் விளிம்பிலேயே வைத்தால், அதில் சிக்கிய சிறு பூச்சிகளும் நத்தைகளும் தண்ணீருக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தப் பாசி தோட்டத்துக்கு நல்ல கூட்டுரம்.

அடியிலுள்ள சேற்றை மட்டும் இப்போது கிளறாதீர்கள். இந்த நாட்டுத் தவளைகளில் சில அந்தச் சேற்றில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன, தோலின் வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டு. மேலே மிதக்கும் இலைகளையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பவற்றையும் வலையால் அள்ளினால் போதும்.

குழாயும்பம்பும் எழுதியது:

நீர்வேலியான் ஐயா சொன்னதில் வடிகட்டியின் பக்கம் விடுபட்டுவிட்டது. நவம்பரில் நிறுத்திய வடிகட்டியை எக்காரணம் கொண்டும் இப்போது அப்படியே ஓடவிடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் வாரக்கணக்கில் தேங்கிய நீரில் ஆக்சிசன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும் வாயு உருவாகியிருக்கும். பம்பைப் போட்டவுடன் அந்தக் கறுப்புநீர் நேரே மீன்களின் மேல் போய்விடும். பெட்டியைத் திறந்து, பஞ்சுகளை வெளியே எடுத்து, நன்றாகக் கழுவி, காலியாக வைத்துவிடுங்கள். புற ஊதா விளக்கு உள்ள பெட்டியானால் உள்ளே ஒரு சொட்டு நீரும் நிற்கக் கூடாது; உறைந்தால் விளக்கைச் சுற்றியுள்ள படிகக் கண்ணாடிக் குழாய் வெடித்துவிடும்.

அந்த விளக்கைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது தண்ணீரில் மிதக்கும் ஒற்றைக்கலப் பாசியைத்தான் தாக்கும், அதாவது தண்ணீருக்குப் பச்சை நிறம் கொடுப்பதை. விரிப்பில் ஒட்டி வளரும் இழைப்பாசி அந்தப் பெட்டிக்குள் போவதே இல்லையே, பிறகு எப்படி அதைக் கொல்லும்? தவிர, நீல ஒளி தெரிகிறது என்பதால் விளக்கு வேலை செய்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ ஓர் ஆண்டு ஓடிய பின் கண்ணுக்குத் தெரியும் ஒளி மிஞ்சியிருக்கும், பாசியைக் கொல்லும் கதிர் தேய்ந்துபோயிருக்கும். வீட்டோடு வந்த விளக்கின் வயது உங்களுக்குத் தெரியாது. வசந்தத்தில் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

குளிர்காலத்திலும் பம்பை ஓடவிடலாம் என்பது என் கருத்து, ஆனால் அடியில் வைத்து அல்ல. தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும். ஆகவே மேலே உறைந்தாலும் அடியில் அந்த 4 பாகை நீர் தங்கும், மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். பம்ப் அடியில் இருந்தால் அந்த அடுக்கைக் கலக்கி, குளம் முழுவதையும் குளிரவைத்துவிடும். செங்கற்களின் மேல் வைத்து மேல்மட்டத்தில் மட்டும் நீரை மெல்ல அசையவிடுங்கள்.

ஹேரோவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. திரவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வடிகட்டியைத் திறந்தபோது சொன்னபடியே நாற்றம் வந்தது. மாமாவுக்கு வெப்பமானி பிடித்துவிட்டது. இப்போது நாட்காட்டியில் எழுதிவருகிறார்.

சோதனைத் தாளில், மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியா இல்லை, நைத்திரேற்று லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில் காட்டுகிறது. தண்ணீரில் பாதியை மாற்றிக் குழாய்நீர் விட்டால் அது குறையுமா? பார்லி வைக்கோல் போட்டால் பாசி வராது என்றும் ஒருவர் சொன்னார். அது உண்மையில் பலன் தருமா?

நீர்வேலியான் எழுதியது:

குழாய்நீர் விட வேண்டாம். இது பலர் அறியாத செய்தி: இந்த நாட்டில் பழைய வீடுகளுக்குப் போகும் குழாய்களில் இன்னும் ஈயம் இருப்பதால், அது நீரில் கரையாமல் தடுக்கத் தண்ணீர் நிறுவனங்கள் பொசுபேற்றைக் கலக்கின்றன, அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து ஈயத்தை மூடிவிடுகிறது. மனிதருக்கு அதனால் தீங்கில்லை, பாசிக்கோ அது விருந்து. குடிநீரில் நைத்திரேற்றும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை சட்டப்படி இருக்கலாம். ஆகவே 40 உள்ள குளத்தில் எதை ஊற்றி எதைக் குறைக்கப் போகிறீர்கள் என்று முதலில் குழாய்நீரையே ஒரு தாளில் சோதித்துப் பாருங்கள். அதோடு குளோரினை நீக்கும் மருந்தும் வேண்டும்; பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் உறக்க நிலையிலுள்ள மீன்களுக்கு வெப்பநிலை அதிர்ச்சியும் சேரும்.

குளிர்காலத்தில் ஆவியாவது மிகக் குறைவு, மழையும் பெய்துகொண்டிருக்கிறது. தண்ணீர் நிரப்ப வேண்டிய தேவையே வரக் கூடாது. மட்டம் இறங்கினால் பாசியை மறந்துவிட்டு விரிப்பில் ஓட்டை தேடுங்கள். கோடைக்காக இப்போதே கூரை நீரைப் பீப்பாயில் சேர்க்கத் தொடங்கலாம்.

பார்லி வைக்கோல் சில குளங்களில் நன்றாகப் பலன் தருகிறது, சிலவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே அதை உறுதியான மருந்தாக எண்ணாதீர்கள். இருக்கும் பாசியை அது கொல்லாது; வைக்கோல் ஆக்சிசனுள்ள நீரில் மட்கும்போது உருவாகும் பொருட்கள் புதுப் பாசி வளர்வதைத் தடுக்கின்றன. இந்த வேலை தொடங்க 20 பாகைக்கு மேல் ஒன்றிரண்டு வாரம் போதும், 10 பாகைக்குக் கீழே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எனவே மார்ச் முடிவில் பலன் வேண்டுமானால் இந்த மாதக் கடைசியிலேயே போட வேண்டும். நீர்ப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் என்று கணக்கிட்டால் உங்களுக்கு 300 கிராம் தேவை. வலைப்பையில் தளர்வாக நிரப்பி, ஒரு மிதவை கட்டி, நீர் அசையும் இடத்தில் மேல்மட்டத்தில் விடுங்கள். இறுக்கி அடைத்துக் கல்லைக் கட்டி அடியில் போட்டால் அது மட்குவதற்குப் பதில் அழுகும்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் 8 மணி நேரமும் இல்லை; பிப்ரவரி நடுவில் 10 மணி நேரம், மார்ச் 20 வாக்கில் 12 மணி நேரம். அல்லி இலை மேலே வர ஏப்ரல் கடைசி அல்லது மே ஆகிவிடும். பாசி தனியாக ஆட்சி செய்வது அந்த இடைவெளியில்தான். இப்போது நீங்கள் பார்ப்பது அதன் தொடக்கம்.

ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

கனடாவிலிருந்து ஒரு சொல். எங்கள் குளங்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும், எனவே உங்கள் நிலை வேறு. ஆனாலும் பாசி முழுவதையும் பகைவனாகப் பார்க்க வேண்டாம். பனிக்கட்டியின் கீழ் வெளிச்சம் இருக்கும்வரை பாசியும் ஆக்சிசனைத் தருகிறது. மேலே வெண்பனி தடிப்பாக மூடி வெளிச்சம் நின்றுபோனால்தான் அது இறந்து அழுகி, ஆக்சிசன் தீர்ந்து, மீன்கள் இறக்கின்றன. ஆகவே நாங்கள் பனிக்கட்டியின் மேல் விழும் வெண்பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோம். காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக்கல்லோ மிதக்கும் சிறு சூடாக்கியோ வைத்து ஒரு துவாரத்தைத் திறந்துவைப்போம், அடியில் அழுகுவதிலிருந்து எழும் வாயு வெளியேற. லண்டனிலும் சில இரவுகள் உறையும். அப்போது சுத்தியலால் உடைக்காதீர்கள். அந்த அதிர்வு மீன்களைப் பாதிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தை மேலே வைத்தால் வட்டமாக உருகிவிடும்.

தண்ணீரில் இருக்கும் அந்த இலேசான பச்சையை நானாக இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுவேன். 5 பாகைத் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 12.8 மில்லிகிராம் ஆக்சிசன் கரைந்திருக்க முடியும், 25 பாகையில் 8.3 மட்டுமே, ஆகவே இரவில் பாசி ஆக்சிசனை இழுத்தாலும் இந்தக் குளிரில் ஆபத்தில்லை. தெளிந்த நீரில் அசையாமல் கிடக்கும் தங்கமீனை நாரை தேடி வந்து தின்றுவிட்டுப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். குளத்தின் மேல் வலை உண்டா?

ஹேரோவாசி எழுதியது:

வலை இல்லை, இந்த வார இறுதியில் போடுகிறேன். நாரையை அயலவர் கூரையில் மாமா பார்த்திருக்கிறாராம். அதையும் நாட்காட்டியில் எழுதிவைத்திருக்கிறார்.

குழாயும்பம்பும் எழுதியது:

வலையை நீருக்கு மேல் குறைந்தது ஒரு சாண் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்தால் நாரை அதன் மேலேயே நின்றுகொண்டு கொத்தும். பிப்ரவரி, மார்ச்சில் தவளைகள் முட்டையிட வரும், அவை புகுந்து போக ஒரு மூலையில் இடைவெளி விடுங்கள். காலை வெப்பநிலை 10 பாகைக்கு மேல் நிலைத்தபின் முதலில் கழுவிய வடிகட்டியை ஓடவிடுங்கள், உணவை அதன் பிறகு சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். வடிகட்டியில் நுண்ணுயிர்கள் மீண்டும் குடியேறச் சில வாரங்கள் ஆகும்; அதுவரை வாரம் இருமுறை அமோனியாவைச் சோதியுங்கள், தாளில் நிறம் மாறினால் அன்றே உணவை நிறுத்திவிடுங்கள்.