எமிர்ப் எண்ணுக்குத் தமிழ்ச்சொல்: 1279-ஐ வைத்து ஒரு பேச்சு

> 1279 ஒரு பகா எண். இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் 9721, அதுவும் பகா எண். இந்த வகைக்கு ‘மாலைமாற்றுப் பகா எண்’ என்று பெயர் வைக்கலாமே?

வணக்கம் ஐயா. அது ஒத்துவராது. மாலைமாற்று என்றால் ‘விகடகவி’ போல எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதுவே வர வேண்டும். 131, 757 போன்றவற்றுக்கு அந்தப் பெயர் பொருந்தும். நாம் பெயர் தேடுவது, திருப்பினால் வேறொரு பகா எண் ஆகிறவற்றுக்கு: 13–31, 17–71, 107–701.

> சரி, ‘தலைகீழ்ப் பகா எண்’? ‘புரட்டுப் பகா எண்’?

தலைகீழி என்றதும் பள்ளிப் பிள்ளைகள் 1/1279 என்று எழுதுவார்கள். புரட்டுக்கோ பொய் என்ற கூட்டாளி ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் பிரைம் என்பதையே பின்னாலிருந்து எழுதி எமிர்ப் என்றார்கள், வெறும் விளையாட்டு. நாமும் ‘பகா’வைத் திருப்பி ‘காப எண்’ என்றால் யாருக்கும் விளங்காது.

என் பரிந்துரை ‘மறிபகா எண்’. மறிதல் என்றால் திரும்புதல். சொல்லும் சின்னது. (மறி ஆட்டுக்குட்டியும்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.)

> சோழர் ஆட்சி முடிந்த 1279-ஆம் ஆண்டுக்கே இப்படி ஒரு குணம் அமைந்ததுதான் எனக்கு வியப்பு.

இங்கேதான் இரண்டைப் பிரிக்க வேண்டும். 1279 பகா எண் என்பது எப்படி எழுதினாலும் மாறாது. 2-இன் 1279-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் 386 இலக்க எண்ணும் பகா எண்தான். 1952-இல் கணித அறிஞர் ராபின்சன் ஸ்வாக் என்ற கணினியைக் கொண்டு கண்டது. அதுவும் மாறாது. இப்படி 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் பகா எண்ணை மெர்சென் பகா எண் என்பார்கள். அந்த ஆண்டில் அவர் கண்ட ஐந்தின் அடுக்குகள் 521, 607, 1279, 2203, 2281. அவற்றில் மறிபகா இது ஒன்றே.

ஆனால் திருப்பிப் போடுவது எழுதும் முறையைச் சார்ந்தது. கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் இராசேந்திரன் காலத்து எழுத்தர் இந்த எண்ணை ௲௨௱௭௰௯ என்று எழுதியிருப்பார். ஆயிரம், நூறு, பத்துக்குத் தனிக் குறிகள் இருக்கும்போது எதைத் திருப்புவது? தவிர, அவருக்கு அது 1279-ஆம் ஆண்டே அல்ல. 1246-இல் தொடங்கிய மன்னனின் ஆட்சிக்கு இத்தனையாவது ஆண்டு என்ற யாண்டுக் கணக்குதான். அதே 1279-இல் யாமென் கடற்போரில் அழிந்த சீனத்துத் தென் சோங் அரசுக்கு, அதன் பேரரசர் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கில், அது சியாங்சிங் 2, வென்ற மங்கோலியப் பேரரசர் குப்லாய் தரப்புக்கு ஜியுவான் 16. சக ஆண்டாக எழுதினால் அந்தச் சித்திரை முதல் 1201. அதைத் திருப்பினால் 1021, இரண்டுமே பகா எண்கள்! ரசிக்கலாம், ஆனால் தற்செயல்தான். ஆகவே வரையறையில் ‘பதின்ம இலக்கங்கள்’ என்பதை விடக்கூடாது.

> இலங்கையிலிருந்து ஒரு சேர்க்கை: எங்கள் பாடநூல்களில் பகா எண் அல்ல, முதன்மை எண். ‘மறிமுதன்மை எண்’ என்பதையும் போடுங்கள். மறி இரண்டுக்கும் பொருந்துகிறது.

நல்லது, சேர்த்துவிட்டேன். வேறு மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் இப்படியே போகட்டும்:

மறிபகா எண் (மறிமுதன்மை எண்): பதின்ம இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதினால் வேறொரு பகா எண்ணைத் தரும் பகா எண். எ-டு: 13, 107, 1279.