பொய்ச்செய்தி போன வழியிலேயே மறுப்பு ஏன் போவதில்லை?

வெண்மதி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. உறவினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு மூத்த நடிகர் காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. படம், கறுப்புப் பட்டை, ஓரத்தில் எரியும் விளக்கு எல்லாம் இருந்தன, யார் சொன்னது, எப்போது என்பது மட்டும் இல்லை. உடனே வரிசையாக "ஆழ்ந்த இரங்கல்". அவர் நலமாக இருக்கிறார் என்று அவருடைய குடும்பத்தினரே வெளியிட்ட வீடியோவை நான் போட்டேன். ஒரே ஒருவர் கட்டைவிரல் காட்டினார், மற்றவர்கள் திறந்து பார்த்தார்களா என்றே தெரியவில்லை. மறுநாள் வேறொரு குழுவில் அதே படம் மறுபடி வந்து நிற்கிறது.

செய்தி நொடியில் வருகிறது, மறுப்பும் அதே நொடியில் கையில் கிடைக்கிறது, அப்புறமும் அது ஏன் சேர வேண்டியவர்களிடம் சேரவில்லை? மக்களுக்கு அக்கறை இல்லை, படிப்பறிவு இல்லை என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. இரங்கல் சொன்ன எல்லோரும் விவரமானவர்கள்தான். வேறு எதுவோ மாறியிருக்கிறது, அது என்ன என்று யாராவது விளக்க முடியுமா?

பழைய டெஸ்க்:

நாளிதழ் ஒன்றில் செய்தி டெஸ்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் தப்பே செய்யாதவர்கள் என்று சொல்ல வரவில்லை, ஆனால் தப்பைத் திரும்பப் பெற ஒரு வழி இருந்தது. செய்தி ஏஜென்சி ஒன்று தவறான செய்தி அனுப்பிவிட்டால், பின்னாலேயே அதை நிறுத்தச் சொல்லி ஒரு அவசரக் குறிப்பு வரும். "கில்" என்போம். அந்தச் செய்தி யார் யாருக்குப் போயிருந்ததோ அத்தனை பேருக்கும் இதுவும் போகும், ஏனென்றால் சந்தாதாரர் பட்டியல் ஏஜென்சியிடம் இருக்கிறது. பேப்பரில் அச்சாகிவிட்டாலும், அடுத்த நாள் திருத்தம் பெரும்பாலும் அதே வீடுகளுக்குத்தான் போகும். சின்ன எழுத்தில், உள்பக்கத்தில் என்பது உண்மைதான், ஆனாலும் அதே வாசகர்.

இப்போது அந்தப் பட்டியல் யாரிடமும் இல்லை. உங்கள் குழுவுக்கு அந்தப் படத்தை அனுப்பியவருக்குத் தன் நான்கு குழுக்கள் தெரியும், அங்கிருந்து எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. முதலில் செய்தவர் மனம் மாறி அழித்தாலும், ஃபார்வர்டு ஆன பிரதிகள் அப்படியே இருக்கும்.

சுடர்மொழி:

டெஸ்க் ஐயா சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பழைய முறைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்க என்னால் முடியாது. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபோலிஸில் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது போலீஸ் கொடுத்த முதல் அறிக்கை அதை ஒரு "மருத்துவச் சம்பவம்" என்றுதான் சொன்னது. அங்கே நின்ற 17 வயதுப் பெண் ஒருவர் தன் போனில் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்ட வீடியோதான் நடந்ததை உலகுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு அவருக்குப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சரின் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. அந்த வீடியோ இல்லாமல் இருந்திருந்தால், எத்தனை டெஸ்க்குகள் அந்த அறிக்கையை அப்படியே நாலு வரியில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கும்?

2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியதும் அப்படித்தான், மீட்கப் போன படகில் இருந்த ஒரு பயணி எடுத்த படம் ட்விட்டரில் வந்து, டிவி கேமராக்கள் போய்ச் சேருவதற்குள் பரவிவிட்டது. எதை வெளியிடலாம் என்று வடிகட்டும் வாசல்காப்பவர் இல்லாததால் பொய் உள்ளே வருகிறது, சரி. அதே திறந்த கதவு வழியாகத்தான் மறைக்கப்பட்டதும் வெளியே வருகிறது. இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

நிரலாளன்:

இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஆனால் வெண்மதி கேட்டது வேறு. பொய்யும் மறுப்பும் ஒரே தளத்தில் இருந்தும் ஏன் ஒரே வேகத்தில் போவதில்லை என்பது கேள்வி.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்து 2018இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, பரப்பியது மனிதர்கள்தான். பொய்க்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் தூக்கலாக இருந்தன. இப்போது உங்கள் குழுவுக்கு வாருங்கள். மரணச் செய்திக்கு எல்லோராலும் ஏதாவது செய்ய முடியும்: இரங்கல் சொல்லலாம், இன்னொருவருக்குச் சொல்லலாம். "அவர் நன்றாக இருக்கிறார்" என்பதற்கு என்ன செய்வது? படித்துவிட்டு நகர்வதுதான். அக்கறையின்மை என்று இதைச் சொல்ல மாட்டேன், மறுப்பில் அடுத்தவரிடம் ஓடிப் போய்ச் சொல்ல எதுவும் இல்லை.

தேதியும் மூலமும் உதிர்ந்துபோவது இன்னொரு காரணம். ஃபார்வர்டு செய்தால் முதலில் எழுதியவர் பெயர் வராது, ஸ்கிரீன்ஷாட்டில் இணைப்பும் போய்விடும். வெள்ளச் சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்தும் படம் ஞாபகம் இருக்கிறதா? படகில் போகிறவரைச் சுறா பின்தொடரும் ஒரு பழைய புகைப்படத்திலிருந்து சுறாவை வெட்டி ஒட்டியது அது. 2011இல் ஐரீன் புயலின்போது பரவி, பொய் என்று அப்போதே அம்பலமானது. 2017இல் ஹார்வி புயலுக்கும் அதே சுறா வந்தது. படத்தில் தேதி இல்லாதபோது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அது புதுச் செய்திதான்.

பழைய டெஸ்க்:

சுடர்மொழி, உங்கள் கோபம் நியாயமானது. அந்த அறிக்கை என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் மேல்விசாரணை இல்லாமல் போட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஏஜென்சியின் ட்விட்டர் கணக்கை யாரோ ஊடுருவி, வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு, ஒபாமா காயம் என்று போட்டார்கள். அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு மளமளவென்று 140 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, மறுப்பு வந்ததும் சில நிமிடங்களிலேயே நிமிர்ந்துவிட்டது. ஏனென்றால் பொய்யைப் பார்த்தவர்களும் மறுப்பைப் பார்த்தவர்களும் ஒரே ஆட்கள், திரையை விட்டு எழுந்திருக்காத பங்கு வர்த்தகர்கள். குடும்பக் குழுவில் அது நடக்காது, படத்தைக் காலையில் பார்த்தவர் மறுப்பு வரும்போது அலுவலகத்தில் இருப்பார்.

வெண்மதி:

எல்லோருக்கும் நன்றி, பட்டியல் இல்லை என்ற விஷயம் நன்றாகப் புரிந்தது. அப்படியானால் பார்த்தவர்களுக்கே மறுப்பை அனுப்பத் தளங்களால் முடியாதா? அப்புறம், அந்தக் குழுவுக்கு நானும் ஒரு அட்மின், அந்தப் படத்தை அழித்துவிடட்டுமா?

நிரலாளன்:

எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் ஒரு பதிவுக்குப் பிற்பாடு சமூகக் குறிப்பு, அதாவது பயனர்களே எழுதும் விளக்கம், சேர்ந்தால், அதை லைக் செய்தவர்களுக்கும் பகிர்ந்தவர்களுக்கும் அறிவிப்பு அனுப்பும் வசதியை 2023இல் கொண்டுவந்தார்கள். டெஸ்க் ஐயா சொன்ன "கில்" குறிப்புக்கு நான் பார்த்தவரை இதுதான் மிக நெருக்கம். வாட்ஸ்அப்பில் செய்தி முழுக்க மறையாக்கம் ஆகி, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது. அதனால் அவர்கள் வேகத்தில்தான் கைவைத்தார்கள்: பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்தது, அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாகவும் சொன்னார்கள். பரவல் மெதுவாகும், ஏற்கெனவே பார்த்தவரிடம் திருத்தம் போய்ச் சேராது.

மற்றவர் போட்ட செய்தியை அழிக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. ஆனால் நான் அழிக்க மாட்டேன். அழித்துவிட்டால் இரங்கல் சொன்னவருக்கு எது பொய் என்றே தெரியாமல் போகும், அவர் வேறு குழுவுக்கு அனுப்பிய பிரதியும் அங்கேயே இருக்கும். அந்தப் படத்துக்கே ரிப்ளையாக மறுப்பைப் போட்டு, அதைக் குழுவின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள், ஏழு நாள் மேலேயே நிற்கும். வெறும் வீடியோவாகப் போடாமல் நடிகர் பெயர், இன்றைய தேதி, யார் மறுத்தார்கள் என்பதை அதே செய்தியில் எழுதிவிடுங்கள், ஏனென்றால் ஃபார்வர்டு செய்யும்போது ரிப்ளையின் மேற்கோள் சேர்ந்து வராது. அனுப்பியவருக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள், வேறு எந்தக் குழுக்களுக்கு அனுப்பினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.