ஸ்டிக்லி மாடல்ல டைனிங் டேபிள், ஓக் மரத்துல நானே செய்யப் போறேன், யோசனை சொல்லுங்க

மரத்தூள்:
மக்களே ஒரு உதவி. நான் இருக்கறது நியூ ஜெர்சி. இங்க மோரிஸ் ப்ளைன்ஸ்ல, எளிமையான ஓக் ஃபர்னிச்சருக்குப் பேர் போன அமெரிக்கக்காரர் குஸ்தாவ் ஸ்டிக்லி கட்டின மரவீடு ஒண்ணு இருக்கு, கிராஃப்ட்ஸ்மேன் ஃபார்ம்ஸ்னு பேரு, இப்ப மியூசியம். அதைப் பாத்துட்டு வந்ததுல இருந்து அந்த ஸ்டைல்ல ஒரு டைனிங் டேபிள் செஞ்சே ஆகணும்னு ஒரே அரிப்பு. 7 அடி நீளம், 40 இஞ்ச் அகலம், எட்டு பேர் உக்காரணும். புக் ஷெல்ஃப், கட்டில் எல்லாம் செஞ்சிருக்கேன், கேரேஜ்ல டேபிள் சா, ப்ளேனர் இருக்கு. குவார்ட்டர்சான், அதாவது வளையத்துக்கு ஏறக்குறைய செங்குத்தா வர்ற மாதிரி அறுத்த வைட் ஓக், அதோட விலை கேட்டா தலை சுத்துது, ரெட் ஓக்ல செஞ்சா என்ன குறைஞ்சிடும்? நாலு கால் வெச்சு சுத்தி சட்டம் அடிக்கறதா இல்ல ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் வெச்சு நடுவுல குறுக்குக்கட்டை போடற டிரெஸில் டைப்பா? அப்புறம் அந்தக் காலத்துல அம்மோனியா புகைல வெச்சு கலர் ஏத்துவாங்களாமே, அதை வீட்டுல பண்றது புத்திசாலித்தனமா?

ஆப்பு ஆறுமுகம்:
ரெட் ஓக் வேணாம் ப்ரோ. இந்த ஸ்டைல்ல செதுக்கல் கிடையாது, பூ வேலை கிடையாது, அழகுன்னு இருக்கறதே அந்த மரத்தோட ரேகையும் ஜாயிண்ட்டும்தான். வைட் ஓக்கை குவார்ட்டர்சானா அறுத்தா குறுக்கால பளபளன்னு வெள்ளி மாதிரி திட்டுத்திட்டா ஓடும் பாருங்க, ரே ஃப்ளெக், அதுக்காகத்தான் ஸ்டிக்லி அதைப் பிடிச்சுக்கிட்டாரு. ரெட் ஓக்லயும் வரும், ஆனா ஒரு மட்டு கம்மி. இன்னொண்ணு, உங்க ஊர்ல குளிர்காலத்துல ஹீட்டர் போட்டு வீடு காஞ்சு போகும், கோடைல புழுக்கம், மரத்துல ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்குதுன்னு வெச்சுக்கிட்டா 40 இஞ்ச் டாப் குவார்ட்டர்சான்ல ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் அசையும், சாதாரணமா அறுக்கற ஃப்ளாட்சான்ல அதே 15 கிட்ட வரும். பட்ஜெட் இடிச்சா டாப்புக்கு மட்டும் குவார்ட்டர்சான் வாங்கி கீழ சாதா வைட் ஓக் போடுங்க. எப்படிப் போட்டாலும் டாப்பை சட்டத்தோட ஒட்டிராதீங்க, ஸ்க்ரூவையும் இறுக்கி விட்றாதீங்க, சட்டத்துல வெட்டின பள்ளத்துல மாட்டிக்கற சின்ன மரத்துண்டோ (பட்டன்), ஸ்க்ரூவுக்கு நீள ஓட்டையோ வெச்சு அசைய இடம் குடுங்க, இல்லேன்னா ரெண்டாவது குளிர்காலத்துல டாப் வெடிக்கும்.

கால் விஷயத்துல என் ஓட்டு டிரெஸில்தான். குறுக்குக்கட்டையோட நாக்கு ஸ்டாண்டைத் தாண்டி வெளிய வந்து அதுல ஒரு ஆப்பு இறங்கும், ஆப்பைத் தட்டி எடுத்தா மொத்த டேபிளும் பிரிஞ்சிடும், வீடு மாத்தறப்ப கதவுல இடிக்காது. இதுல எல்லாரும் கோட்டை விடற இடம், ஆப்புக்குப் போடற ஓட்டை ஸ்டாண்டோட வெளிப்பக்கத்துக்குச் சரியா ஆரம்பிக்கக் கூடாது, கொஞ்சம் உள்ள தள்ளி ஆரம்பிக்கணும், அப்பதான் ஆப்பு தட்டத் தட்ட ஸ்டாண்டை இழுத்துப் பிடிக்கும், இல்லேன்னா சும்மா அழகுக்கு நிக்கும். ஓட்டைக்கு அப்பால நாக்குல நல்லா நீளம் விடுங்க, பத்தலேன்னா பிச்சுக்கும். ரெண்டு முனையிலயும் டாப் 15 இஞ்சாவது வெளிய நீட்டிட்டு இருக்கட்டும், தலைமாட்டுல உக்காரறவங்க முட்டி இடிக்காது.

சிரன்செஸ்டர்வாசி:
எல்லாரும் ஸ்டிக்லி ஸ்டிக்லின்னே சொல்றீங்க, இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கப்பா. நான் இங்கிலாந்துல காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் இருக்கேன். ஃபர்னிச்சர் செஞ்ச எர்னஸ்ட் கிம்சனும் பார்ன்ஸ்லி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 1893ல லண்டனை விட்டுட்டு இங்க வந்து பட்டறை போட்டாங்க. வைக்கோல் வாருற கருவியைப் பாத்து, டேபிளுக்கு அடில ரெண்டு முனைலயும் ஒய் மாதிரி பிரியற குறுக்குக்கட்டை போட்டாங்க, ஹேரேக்னு பேரு, சிட்னி பார்ன்ஸ்லி செஞ்சதைப் பாத்தா உங்க ஆப்பெல்லாம் சாதாரணமாத் தெரியும். அவர் ஆளே வெச்சுக்காம தனியாவே வேலை செஞ்ச மனுஷன். செல்ட்னாம்ல வில்சன் மியூசியத்துல இந்தக் கூட்டத்தோட சாமான் நிறைய இருக்கு, வந்தா பாருங்க.

ஆப்பு ஆறுமுகம்:
அண்ணே ஹேரேக் அழகுதான், இல்லேன்னு சொல்லல, ஆனா அந்த ஒய்ல வர்ற கோணல் ஜாயிண்ட் எல்லாம் கையால உளி வெச்சு ஒட்ட வைக்கணும், இது அவரோட முதல் டேபிள். பாவம் விட்ருங்க.

பாலிஷ் பானு:
அம்மோனியா பத்தி யாரும் வாயத் திறக்கல, நான் சொல்றேன். வைட் ஓக்ல டானின்னு துவர்ப்புச் சத்து ஜாஸ்தி, அம்மோனியா ஆவி அதோட சேர்ந்துதான் மரமே பழுப்பாகுது, பெயிண்ட் மாதிரி மேல உக்காரறது இல்ல, அதனால ரே ஃப்ளெக் மறையாது. ரெட் ஓக்ல டானின் கம்மி, ஒரு மாதிரி பச்சை கலந்து அசிங்கமா வரும், ரெட் ஓக் வேணாங்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா அதுக்கு வேணுங்கறது கடைல விக்கற கிளீனிங் அம்மோனியா இல்ல, அதைவிட ரொம்ப ஸ்ட்ராங்கானது, 26 சதவீதம்னு அந்தக் காலத்துல எழுதி வெச்சிருக்காங்க. கண்ணு, நுரையீரல் ரெண்டையும் பதம் பாத்துடும். வீட்டோட ஒட்டின கேரேஜ்ல அதுவும் 7 அடி டாப்புக்கு கூடாரம் கட்டிப் பண்றதெல்லாம் எனக்கு சுத்தமாப் பிடிக்கல. போதாக்குறைக்கு பலகை ஓரத்துல வெள்ளையா இருக்கற பகுதி கலரே பிடிக்காது, ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு நிறம் வரும். பேசாம மரத்துக்குள்ள ஊறற பழுப்பு சாயம் (டை) அடிச்சு அது மேல கெட்டியான ஜெல் ஸ்டெயின் தேய்ங்க, பத்தடி தள்ளி நின்னு பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஷெல்லாக், அதாவது அரக்கு பாலிஷ், மட்டும் அடிச்சு விட்றாதீங்க, சூடான பாத்திரம் வெச்சா தடம் விழும், சாப்பிடற டேபிள்ங்க, துணியால தேய்ச்சுப் போடற வைப்பிங் வார்னிஷ் மூணு கோட்டு போடுங்க. துண்டுப் பலகைல மொதல்ல அடிச்சுப் பாத்துட்டு டாப்புல கை வைங்க.

மரத்தூள்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். டிரெஸில், டாப்புக்கு மட்டும் குவார்ட்டர்சான், புகை கிடையாது டைதான், முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரம்மா அம்மோனியான்னதும் முறைச்சதும் ஒரு காரணம். உயரம் 30 இஞ்ச் போதும்ல? டாப்பு ஒட்டறதுக்கு இரும்பு பைப் கிளாம்ப்தான் இருக்கு, பரவால்லையா?

பாலிஷ் பானு:
30 சரி, நாற்காலி சீட் 18 இஞ்ச்னா. பைப் கிளாம்ப் தாராளமா போடுங்க ஆனா ஓக் மேல நேரா பட விடாதீங்க, பசை ஈரத்துல இரும்பு பட்டா டானினோட சேர்ந்து கன்னங்கரேல்னு கறை விழும், நடுவுல வாக்ஸ் பேப்பர் வைங்க.