பி.ஏ. வரலாறு: முதலில் ஐரோப்பாவா, நம்ம ஊரா?

மண்மேடு:
முதலாண்டு மாணவரிடம் பாஸ்டில் சிறை எப்போது விழுந்தது என்று கேளுங்கள். 1789 ஜூலை 14 என்று பட்டென்று பதில் வரும். உத்திரமேரூர் என்றால் 'குடவோலை' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவார். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் படித்தால்தானே தெரியும்? குடவோலையில் ஊர்ச்சபைக்குத் தேர்வாக, கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், வயது 35க்கு மேல், 70க்குள், கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. என் கட்சி இதுதான்: பட்டப்படிப்பு முழுக்க வட்டார வரலாறு, உலகம் எம்.ஏ.வில்.

கடலோடி:
எம்.ஏ. வரை எத்தனை பேர் போகிறார்கள்? அது கிடக்கட்டும், வந்தவாசிப் போரை எப்படி நடத்துவீர்கள்? 1760இல் அங்கே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியது, 1756இல் ஐரோப்பாவில் மூண்ட ஏழாண்டுப் போரின் ஒரு களம். அதற்கு முந்தைய வருடம்தான் கனடாவில் பிரெஞ்சுக்காரர்களின் கியூபெக் ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1761இல் ஆங்கிலேயர் பிடித்த புதுச்சேரி, 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர்களுக்கே திரும்பியது. உலக வரலாறு இல்லாமல் இதற்குக் காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்.

மண்மேடு:
அதே காலத்துக்கு, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறதே, 1736இலிருந்து. அதை எத்தனை வகுப்பில் புரட்டியிருக்கிறார்கள்?

கடைசிபெஞ்ச்:
நான் இப்போது மூன்றாம் ஆண்டு. எங்களுக்கு எதையுமே புரட்டவில்லை, கைடுதான். இலங்கையின் காலி நகரில் கிடைத்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டைப் பற்றி நானாகத்தான் தெரிந்துகொண்டேன். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே வைத்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் திருமாலின் வடிவமான தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று ஒரே கல்லில் மூன்று காணிக்கைப் பட்டியல். இதை எந்தத் தாளில் சேர்ப்பீர்கள், வட்டாரமா உலகமா?

மண்மேடு:
தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் எடுத்தால் வட்டாரம்தான் தம்பி! சரி, வந்தவாசியை விட்டுத்தருகிறேன். நெப்போலியன் போர்களுக்குப் பின் ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய வியன்னா மாநாட்டை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? நம் ஊருக்கும் அதற்கும் என்ன ஒட்டு?

கடலோடி:
மனப்பாடம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் ஒட்டு இருக்கிறது. நெப்போலியன் போர்களின்போது ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது 1814 பாரிஸ் உடன்படிக்கை. வியன்னாவில் மாநாடு கூட்ட வேண்டும் என்று சொன்னதும் அதே உடன்படிக்கைதான். அன்று திரும்பிய ஊர்கள் 1954 வரை பிரெஞ்சுக் கையில்தான் இருந்தன.