குறைத்துப் போட்டால் பெயர் வெட்டுப்படுமா?

கிளிநொச்சியிலிருந்து:
சிறு தொழில்காரர் சமூகப் புத்தாக்கத்தில், அதாவது ஊர்த் தேவைக்குப் புது வழி தேடும் முயற்சியில், இறங்கக் காரணம் என்ன என்று அளக்கும் வினாக்கொத்து எங்களுடையது. உரிமையாளரின் அக்கறை, ஊர்ச் சங்கங்களோடு உள்ள தொடர்பு, போட்டி, அரச ஆதரவு என்று சில காரணிகள். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. பரந்தன், மாங்குளம் பக்கத்து அரிசி ஆலை, தையல்கடை, ஒடியல் மா பொதி செய்கிறவர்கள் என்று முன்னோட்டம் பார்த்தோம்.

வினாக்கொத்தின் நம்பகத்தன்மைக்குப் பார்க்கும் குரொன்பாக் அல்பா என்ற எண் 0.9-ஐத் தாண்டியது; அதன் உச்சம் 1. 0.7 வந்தாலே போதும் என்பார்கள், அதனால் குழுவில் எல்லாருக்கும் சந்தோசம். எனக்குச் சந்தேகம். படிவங்களைப் புரட்டினால் ஒருவர் மேலிருந்து கீழ்வரை 5, இன்னொருவர் முழுக்க 4. இப்படி நிரப்பினால் அல்பா ஏறத்தானே செய்யும்! கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைத்தான் அது காட்டும், எதை அளந்தோம் என்பதை அல்ல.

திரும்பப் போய், ஒவ்வொரு கேள்விக்கும் என்ன நினைத்துப் புள்ளி போட்டீர்கள் என்று கேட்டோம். தையல்கடை அக்கா ஒருவர், "குறைத்துப் போட்டால் பெயர் வெட்டுப்படாதா தம்பி?" என்றார். போர் முடிந்த 2009-க்குப் பிறகு இங்கே படிவம் என்றால் வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி. அவர் நிரப்பியது உதவிக்கான விண்ணப்பம்.

அப்புறம் "சமூகத்தில் அக்கறை உண்டு" போன்றவற்றை எடுத்துவிட்டு, கடந்த 12 மாதத்தில் யாருக்கு வேலை கொடுத்தீர்கள், யாரோடு சேர்ந்து புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். புள்ளிகள் பரவத் தொடங்கின.

முல்லைத்தீவிலிருந்து:
அண்ணை, நாங்கள் ஆமாம் போடுகிறவர்களைப் பிடிக்க எதிர்மறைக் கூற்றுகளைச் சேர்த்தோம். எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் அவையெல்லாம் தனிக் காரணியாகக் கூடிவிட்டன! கருவாடு போடும் பெண்கள் "ஊரைப் பற்றிக் கவலையில்லை" என்பதை வாசித்துவிட்டுக் கோபித்தது வேறு. அவர்களில் சிலர் காயவைக்கும் இடத்தைக் கணவனை இழந்த பெண்களோடு பங்கிடுகிறார்கள். எங்கள் படிவத்தில் அதைக் கேட்க ஒரு வரிகூட இல்லை. கேள்வி எழுதுமுன் அவர்களோடு பேசியிருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். நிபுணர் ஐந்து பேர் பார்த்தால் போதாது.

வவுனியாவிலிருந்து:
இன்னொன்று. ஒரே தரவில் காரணிகளைக் கண்டுபிடித்து, அதே தரவில் உறுதிப்படுத்தாதீர்கள். தேர்வெழுதியவரே தாளைத் திருத்துவது மாதிரி. இரண்டாவது தரவுத் தொகுதியை வேறாகச் சேகரியுங்கள். காலபோக நெல் விதைப்புக்கு முன்னம் போனால் நல்லது, பிறகு பாதிக் கடைகளில் ஆள் இருக்காது.