நாய் மூஞ்சி பூரா முள்ளம்பன்றி முள்ளு, விடியக்காலைல வழிய மறிச்சு காட்டுமாடு… பூம்பாறை பக்கம் புதுசு, என்ன பண்ண?

கேரட்காட்டு_காவல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கீழ தேனிக்காரன், ஆறு மாசமா பூம்பாறை தாண்டி ஒரு கேரட் காட்ட பாத்துக்கிறேன். முந்தாநாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கிலுகிலுப்பைய ஆட்டுற மாதிரி ஒரு சத்தம், நம்ம கருப்பன் ஒரே பாய்ச்சலா ஓடுனான், அடுத்த நிமிஷம் கத்திக்கிட்டே திரும்பி வர்றான், டார்ச் அடிச்சு பாத்தா மூக்கு, உதடு, முன்னங்காலுன்னு ஏழு முள்ளு. கறுப்பும் வெள்ளையுமா, பேனா மொத்தம். கட்டிங் பிளேயர்ல நாலு புடுங்கிட்டேன், உதட்டுல இருந்தது ஒண்ணு பாதில ஒடிஞ்சு உள்ளயே நிக்குது. முள்ளுல விஷம் இருக்குமா? முள்ளம்பன்றி தூரத்துல இருந்தே எய்யுமாமே, நிஜமா?

இன்னொண்ணு. அஞ்சரை பஸ்ஸுக்கு நடந்து போற வழில பேரிக்கா மரத்தடியில ஒத்தக் காட்டுமாடு நிக்குது, மூணு நாளா. பனியில கண்ணுக்கே தெரியல, அந்த வெள்ளைக் காலு மட்டும்தான் தெரிஞ்சுச்சு, சாக்ஸ் போட்ட மாதிரி. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு.

மலைப்பூண்டு:
தம்பி, முதல்ல நாய தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு போங்க, மத்தத அப்புறம் பேசலாம். விஷமெல்லாம் இல்ல, ஆனா மண்ணும் அழுக்கும் முள்ளோட உள்ள போயிருக்கும், சீழ் வைக்கும். ஒடிஞ்ச முள்ள நீங்க நோண்டாதீங்க, மயக்க ஊசி போட்டு டாக்டர் எடுப்பார். முள்ள நடுவுல வெட்டிவிட்டா காத்து இறங்கி லேசா வந்துரும்னு எவனாவது சொல்லுவான், கேக்காதீங்க, வெட்டுனா புடிச்சு இழுக்க நுனி இருக்காது, அவ்ளோதான். வாய்க்குள்ள, நாக்குக்கு அடியிலயும் பாக்க சொல்லுங்க, எங்க நாய்க்கு அங்கதான் ஒண்ணு ஒளிஞ்சு கெடந்துச்சு.

சோலைக்கிழவன்:
எய்யுறதெல்லாம் சும்மா. முள்ளுங்கிறது அதோட மயிருதான், தடிச்சுப் போன மயிரு. நமக்கு குளுருல மயிர் சிலுத்துக்கிற மாதிரி அதுக்கு முள்ளு சிலுத்துக்கும், உதறும்போது ஏற்கனவே ஆடிக்கிட்டிருக்கிறது ஒண்ணு ரெண்டு கீழ விழும், அத பாத்துட்டு அம்பு விடுதுன்னு கதை கட்டிட்டாங்க. பழைய தமிழ்லயே இதுக்கு "எய்"னுதான் பேரு, அந்தப் பேரும் சேந்து நம்பிக்கைய வளத்துருச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நீங்க கேட்ட கிலுகிலு சத்தம் வாலுல இருந்து வர்றது. வால் நுனி முள்ளு உள்ள பொக்கையா இருக்கும், ஆட்டுனா அடிச்சுக்கும். அது மொதல் எச்சரிக்கை. அப்புறம் காலத் தட்டும், உறுமும். அதுக்கும் மசியலன்னா முதுகக் காட்டிக்கிட்டு பின்பக்கமா விருட்டுனு வந்து குத்தும், நாய்க பின்னாடி தொரத்திப் போகும்போது அது டக்குனு நின்னாலே போதும், மூஞ்சி நேரா முள்ளுல. சிறுத்தையே இதுகிட்ட அடிபட்டு சீரழியும், கருப்பன் எம்மாத்திரம்.

காட்டுக்கு வர்றது கெழங்குக்காக. வேலி வலைய ஒரு அடியாவது மண்ணுக்குள்ள பொதைச்சு விடுங்க, இல்லன்னா தோண்டிட்டு வந்துரும். கரண்ட் கம்பி மட்டும் போட்றாதீங்க, மனுசனும் சாவான், கேசும் ஆகும்.

கீழ்மலை_ராஜா:
புடிச்சு அடிச்சு குழம்பு வைங்க பாஸ், அதோட வயித்த காயவச்சு பொடி பண்ணி குடுத்தா வீசிங் போகும்னு எங்க தாத்தா சொல்லுவார்

மலைப்பூண்டு:
ராஜா, 1972 வனஉயிர் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட ஜீவன் அது, இங்க எழுதுறத யோசிச்சு எழுதுங்க. வீசிங்குக்கு இன்ஹேலர் இருக்கு. தாத்தாவுக்கு வேணா அது கெடைக்காம இருந்திருக்கலாம்.

குன்னூர்_அக்கா:
காட்டுமாடு பத்தி யாருமே சொல்லலயே. எங்க தேயிலைத் தோட்டத்துல தெனம் பாக்குறோம். கூட்டமா மேயுறத விட ஒத்த ஆம்பளை மாட்டுக்குத்தான் பயப்படணும், தோள் வரைக்கும் ஆறடி, எடை ஆயிரம் கிலோ தொடும். அது மூஞ்சிய நேரா காட்டாம பக்கவாட்டுல திரும்பி, உடம்ப பெருசா காட்டிக்கிட்டு நின்னா, போறதுக்கு கெளம்புதுன்னு நெனைச்சு பக்கத்துல போயிராதீங்க, "நான் எம்புட்டு பெருசு பாரு"ங்குது. தலைய தாழ்த்தி புஸ்ஸுனு மூச்சு விட்டுச்சுன்னா ரொம்ப லேட் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். கல்லெறிய வேணாம், கத்த வேணாம், மூஞ்சியில டார்ச் அடிக்க வேணாம், அது எந்தப் பக்கம் எறங்கும்னு பாத்து அந்த வழிய விட்டுட்டு, நிதானமா பின்னால வாங்க. நடுவுல மரமோ செவுரோ இருக்கட்டும். எங்க கொழுந்து பறிக்கிற ஆளு ஒருத்தர குத்துனது கூட துரத்தி வந்து இல்ல, பனியில ரெண்டு பேருக்கும் ஒரே ஒத்தையடிப் பாதை, அதுக்கு போக வேற எடம் இல்ல.

அது ஏன் ஊருக்குள்ள வருதுன்னா, புல்வெளியில எல்லாம் சீகையும் பைனும் தைலமும் நட்டு வச்சோம், அதுக்கு மேய எடம் எங்க இருக்கு?

அப்புறம் அந்த முள்ளுகள வீட்டுல வச்சா சண்டை வரும்பாங்க, எங்க பக்கத்து வீட்டு மாமி வீட்டுல சீமந்தத்துக்கு அதாலதான் வகிடு எடுத்தாங்க, நல்லாத்தான் இருக்காங்க 😄 ஆனா நீங்க எடுத்து வைக்காதீங்க, பாரஸ்ட் காரங்க கேட்டா பதில் சொல்லணும்.

கேரட்காட்டு_காவல்:
எல்லாருக்கும் நன்றி. ஒடிஞ்சத எடுத்தாச்சு, நாக்குக்கு அடியிலயும் ஒண்ணு இருந்துச்சு, பூண்டு அண்ணே சொல்லலன்னா விட்டிருப்போம். கருப்பன் கஞ்சி மட்டும் குடிக்கிறான்.

இன்னிக்கு காலைலயும் அது பேரிக்கா மரத்தடிலயே நின்னுச்சு, பக்கவாட்டுல. அக்கா சொன்னது ஞாபகம் வந்து மேட்டுப்பக்கம் ஒதுங்கி செவுத்துக்கு பின்னால நின்னேன், பத்து நிமிஷம் கழிச்சு அதுபாட்டுக்கு ஓடைப்பக்கம் எறங்கிப் போயிருச்சு. பஸ்ஸும் போயிருச்சு.